குந்தவையின் கீழ்க் கடைவாய்ப் பால்பல் பற்றிச் சம்பந்திக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம்

பூதலூர்,
ஆனி 10.

முத்துப்பேட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. இளஞ்செழியன் அவர்களின் சமூகத்திற்கு, கோவிந்தராசு வணங்கிச் சொல்லிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்றுதான் போட வேண்டும். நான் கைநாட்டு என்பது தாங்கள் அறிந்ததே. பூதலூர் ரயிலடி இ-சேவை மையத்தில் நஜ்மா என்ற பெண் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். என் பேச்சைத் திருத்தி எழுத்து நடையில் போடுகிறாள். சண்டை வருகிற இடங்களில் மட்டும் பேசியதைப் பேசியபடியே போடும்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே சிவப்பு மையில் சுழிக்க ஏதாவது அகப்பட்டால் அது அவளுடையது.

இங்கே நானும் இரண்டு மாடுகளும் ஒரு கன்றும் உயிரோடு இருக்கிறோம். கல்லணை திறந்து ஒன்பது நாளாயிற்று, தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு ஏறவில்லை. அங்கே தாங்களும், சம்பந்தியம்மா நாகம்மாளும், அவர்கள் இடுப்பில் வைத்த இரும்பும், மருமகள் அனுராதாவும், பேத்தி குந்தவையும் சுகமென்று நம்புகிறேன். போன் செய்தால் பாதி நாள் யாரும் எடுப்பதில்லை, நம்பாமல் என்ன செய்வது.

வைகாசி மூன்றாம் தேதி சனிக்கிழமை, பட்டுக்கோட்டை பல் டாக்டரிடமிருந்து திரும்பி வந்து, தங்கள் வீட்டு ஹாலில் நின்றபடி தாங்கள் என்னிடம் சொன்னது இது: "வாயால சொல்றதெல்லாம் வேணாங்க சம்பந்தி. எழுத்துல குடுங்க. தேதிவாரியா. ஆதாரத்தையும் இணைச்சு அனுப்புங்க. அதப் பாத்துட்டுத்தான் புள்ளைய அங்க அனுப்புறதா, இங்கயே பள்ளிக்கூடத்துல சேக்குறதான்னு முடிவு." முப்பத்தைந்து வருஷம் வாத்தியார்களிடம் விளக்கம் கேட்டுப் பழகிய வாய். எனக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரமாகிவிட்டது. டி.சி. கேட்டு அனுராதா விண்ணப்பம் எழுதி வைத்திருப்பதாகக் கத்தாரிலிருந்து என் மகன் ராஜராஜன் சொன்னான். அந்த விண்ணப்பம் தபாலில் போவதற்குள் இது தங்கள் கையில் கிடைத்துவிட வேண்டும், பிள்ளை என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் காலையிலிருந்து இந்தப் பெண்ணை வேறு வேலை பார்க்கவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

தேதிவாரியாகவே சொல்கிறேன், எனக்கு அது ஒரு கஷ்டமுமில்லை. போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, குந்தவைக்கு இடது பக்கக் கீழ்க் கன்னம் வீங்கியது. பிள்ளை சோற்றை ஒரே பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி மென்றாள். தங்கள் மகளுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் (அது தங்கள் வழி, காது குத்துக் கல்யாணத்தில் ஆசாரி ஊசியை எடுத்ததும் தாங்கள் வெளியே போய் வண்டி மாடு பார்த்ததை நான் பார்த்தேன்), ஆகவே நான்தான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். போகுமுன் மரியாதைக்குத் தங்களிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டேன். தாங்கள் சொன்னீர்கள்: "விழப்போற பல்லுக்கு ரூட் கெனாலா? புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க சம்பந்தி. உங்க பாஷையிலயே சொல்றேன், நாத்தங்காலுக்கு யாராச்சும் வேலி போடுவாங்களா?" சம்பந்தி அவர்களே, தாங்கள் படித்தவர், ஆனால் நாற்றங்காலுக்குத்தான் வேலி போடுவோம். நட்டு முடித்த வயலுக்கு எவன் போடுகிறான்? நாற்றங்காலில் ஆடு வாய் வைத்தால் அந்த வருஷம் போச்சு. இதை அப்போதே சொல்லியிருப்பேன், தாங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

பல் டாக்டரம்மா பெயர் ஃபஹ்மிதா. சின்ன வயசு, நல்ல பொறுமை. அவரிடமும் தங்கள் யோசனையைத்தான் முதலில் சொன்னேன், பிடுங்கிவிடலாமா என்று. "புடுங்கிட்டா தாத்தா, பின்னாடி முளைச்சிருக்கிற பெரிய பல்லு நகந்து வந்து அந்த இடத்தப் புடிச்சிக்கும். பத்து பதினோரு வயசுல அடியிலேருந்து புதுப் பல்லு வர்றப்ப இடம் இருக்காது, கோணிக்கிட்டு வரும்" என்றார். அதற்குமேல் எனக்கு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. எழுபத்து நாலில் ஒரே ஒரு போகம் நான் தரிசு போட்டேன், என் மேலண்டை வயல்காரன் வரப்பை ஒன்றரைச் சாண் தள்ளினான், சர்வேயர் இரண்டு தடவை சங்கிலி பிடித்து அளந்தும் அந்த வரப்பு இன்றைக்கும் தள்ளின இடத்தில்தான் இருக்கிறது. காலி இடத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? பல்லைக் காப்பாற்றுங்கள் அம்மா என்றேன். ஆனாலும் விவசாயி விதை வாங்குமுன் முளைப்பு கேட்காமல் வாங்க மாட்டான். "பத்து புள்ளைக்குப் பண்ணினா எத்தனை நிக்குங்க?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "எட்டு ஒம்பது நல்லா நிக்கும் தாத்தா. ஒண்ணு ரெண்டு தோத்துப் போகும். தோத்தாலும் வலிக்காது, நரம்பத்தான் எடுத்துடறோமே. சத்தமில்லாம உள்ளேயே சீழ் வைக்கும். அதனால வலி இல்லைன்னு இருந்துடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா படம் எடுத்துப் பாக்கணும்" என்றார். பத்துக்கு ஒன்பது! ஈரச் சாக்கில் நூறு நெல்லை முடிந்து வைத்து எண்பது முளைத்தாலே நான் விதைத்துவிடுகிறவன். சரி என்றேன்.

மூன்று தடவை போனோம். மயிரிழை மாதிரி ஊசிகளை விட்டு அழுகலை எடுத்தார்கள், கழுவினார்கள், அப்புறம் ஒரு பசையை உள்ளே அடைத்தார்கள். அந்தப் பசை கரைகிற ஜாதி. புதுப் பல் அடியிலிருந்து எழும்ப எழும்ப, பால் பல்லின் வேர் தானாகக் கரையுமாம், பசையும் கூடவே கரைந்துபோகுமாம். உரத்துக்காகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறோமே, அது அடுத்த பயிருக்கு இடம் விட்டுக் கரைகிற மாதிரி. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொன்னேன். கடைசியில் எவர்சில்வர் தொப்பி ஒன்று மாட்டினார்கள். குந்தவை ஊரெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு போனாள், பின்னாலேயே நானும் போனேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டை நீட்டினார். "எனக்கு எதுக்கும்மா சீட்டு? வாயால சொல்லுங்க, போதும்" என்றேன். என் காதில் ஒன்று விழுந்தால் அது கல்லில் வெட்டின மாதிரி என்பது தாங்கள் அறியாததல்ல. எழுபத்தேழு புயலில் எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டுக் கூரை எந்த வரிசையில் போனதென்று இன்றைக்கும் சொல்வேன். தாங்கள் பெண் பார்க்க அழைத்து நாங்கள் முதல்முதல் வந்தது ஆவணி இருபத்திரண்டு, தாங்கள் எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. கஜா புயலில் தங்களுக்குச் சாய்ந்த தென்னை நாற்பத்து மூன்று. இப்போது ஐம்பது என்று சொல்லி வருகிறீர்கள். தாலுகா ஆபீசில் எல்லைத் தகராறு என்றால் ஜீப் போட்டு என்னைக் கூட்டிப்போன காலம் உண்டு. எனக்கு நினைவில்லாத ஒன்று நடந்ததே இல்லை. இதையெல்லாம் டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரிங்க தாத்தா, ஆறு மாசம் கழிச்சு, பொங்கல் முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. சீட்டும் பையிலயே கெடக்கட்டும், ஒவ்வொரு தடவையும் நான் அதுல எழுதணும்ல" என்றார். மருமகள் என் மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தாள். அங்கேயேதான் கிடக்கிறது. தாங்கள் ஆதாரம் கேட்டதால் நஜ்மாவிடம் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து இதோடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. பொங்கலுக்கு மறுநாள் சம்பந்தியம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்கள். அனுராதா தை மூன்றாம் தேதி அங்கே வந்தாள், பதினான்காம் தேதி திரும்பினாள். என் வீட்டுக்காரி நீலாம்பாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, ஆகவே நடுவில் வீட்டில் நானும் குந்தவையும்தான். தலையை நான்தான் பின்னினேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதை அவிழ்த்துத் திரும்பப் பின்னினார். தை எட்டாம் தேதி அறுவடை மெஷின் வந்தது. முதல் நாள் கீழண்டை வயல், மறுநாள் நடுவயல், பத்தாம் தேதி மேட்டு வயல். அன்றைக்கு மெஷின் பெல்ட் அறுந்து, டிரைவர் வரப்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போன் பேசினான். நெல்லைக் கொட்டி வைத்துக் கொள்முதல் நிலையத்தில் கிடந்தேன். ஈரப்பதம் அதிகம் என்றார்கள், திருப்பிக் காயப்போட்டேன். இதெல்லாம் கண்ணில் நிற்கிறது. பல் மட்டும் நினைவுக்கு வரவேயில்லை. அனுராதா திரும்பி வந்தவள், மாமா கூட்டிப்போயிருப்பார் என்று நினைத்துக் கேட்கவில்லை. பிள்ளைக்கும் வலியில்லை. சித்திரைக் கடைசியில் லீவுக்குத் தங்கள் வீட்டுக்கு வந்தாள், அங்கே ஒரு காலையில் தாடை கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. சேதி கேட்டு நானும் அங்கே வந்து சேர்ந்தேன்.

பட்டுக்கோட்டையில் நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனாலும் தேதிவாரியாகக் கேட்டதால் சொல்கிறேன். அந்த டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே சீழ் அடியில் வரும் புதுப் பல்லின் தலைவரை போய்விட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எடுத்தார். புதுப் பல் வரும்போது அதில் ஒரு கறையோ குழியோ இருக்கலாம், வந்த பிறகுதான் தெரியும் என்றார். அதுவரை இடம் நகராமல் இருக்க ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டும் என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார், "நடுவுல ரிவியூ போனீங்களா?" தங்கள் வீட்டு ஜனம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. இல்லீங்க, மறந்துட்டேன் என்றேன். ஊருக்கே சாட்சி சொன்ன வாய், தனக்கு எதிராகச் சொல்லாமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்ததும் அனுராதா அழுதாள். "உங்கள நம்பித்தானே மாமா விட்டுட்டு வந்தேன்? ஒரு நாள்! ஒரே ஒரு நாள் கூட்டிட்டுப் போக முடியலியா?" என்றாள். தாங்கள் "நான் அன்னைக்கே புடுங்கச் சொன்னேன்" என்றீர்கள், அதை ஏழு தடவை சொன்னீர்கள். வேண்டுமானால் தஞ்சாவூர் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்போம் என்று அனுராதா சொன்னபோது, "எதுக்கும்மா? எனக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியப்போவுது?" என்று நானே தடுத்தேன். அப்போதுதான் குந்தவை, வாயில் பஞ்சோடு, என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "போனோம்ல தாத்தா? டாக்டரம்மா கையுறைய ஊதி சேவல் பண்ணிக் குடுத்தாங்கல்ல?" என்றாள். சம்பந்தி அவர்களே, தாத்தனைக் காப்பாற்ற ஏழு வயசுப் பிள்ளை பொய் சொல்கிறாள், அதுவும் சேவல் கீவல் எல்லாம் ஜோடித்து. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எத்தனை பேருக்கு முன்னால்! தாங்கள் வாத்தியார் பார்வை பார்த்தீர்கள். "பொய் சொல்லாத குந்தவ. தாத்தாவுக்காகவும் சொல்லாத. நாம போகல" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவள் வேட்டியை விட்டாள். அன்றிலிருந்து போனில் அவளைக் கூப்பிட்டால் வருவதில்லை. கூப்பிடும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள், டி.வி. சத்தம் கேட்கிறது.

ஒன்பது நாற்று நின்றால் ஒரு நாற்று போனதை எவன் பார்க்கிறான்? வயலில் நாற்று போன இடம் தெரிந்தால் அள்ளி வைத்த நாற்றில் ஒரு கொத்து எடுத்து நட்டுவிடுவோம், மறு வாரம் எது எந்த நாற்று என்று தெரியாது. பத்துக்கு ஒன்பது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அந்தக் கணக்கில்தான் தலையாட்டினேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு பேத்தி என்பது அப்போது தோன்றவில்லை. ஒன்று போனால் அது முழுதும் போகிறது. இதைத் தங்களிடம் சொல்வது இருக்கட்டும், ராஜராஜனிடமே என்னால் சொல்ல முடியவில்லை. அவன் "விடுங்கப்பா, பால் பல்லுதானே" என்கிறான். அவன் அப்படிச் சொல்லும்போது நான் அவனை அடிக்காமல் இருப்பது அவன் கத்தாரில் இருப்பதால்தான்.

ஆகவே நான் ஒப்புக்கொள்வது என்னவென்றால், வைத்தியத்தில் பிழையில்லை, டாக்டரம்மா பேரில் பிழையில்லை. பிடுங்க வேண்டாம் என்றதிலும் பிழையில்லை, அந்த இடத்தில் தங்களுக்கு நான் வளைய மாட்டேன். பிழை என்னுடையது. என் எழுபத்தெட்டு வயசில் நான் மறந்தது இது ஒன்றுதான். அறுவடை மயக்கத்தில் நடந்த ஒரே ஒரு தவறு. மற்றபடி என் நினைவுக்கு ஒரு பழுதும் கிடையாது என்பதற்கு மேலே சொன்ன தேதிகளே சாட்சி, தாங்கள் எதை வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த நினைவின் பேரில் வாக்குக் கொடுக்கிறேன். கம்பி வளையம் மாட்ட, மாட்டினதைப் பார்க்க, எந்தத் தேதிக்குக் கூட்டிவரச் சொன்னாலும் அந்தத் தேதிக்கு நான் நிற்பேன், நடவு நடந்தாலும் சரி, நானே செத்துக் கிடந்தாலும் சரி. இதற்கு நஜ்மா "செத்தா எப்படிங்கய்யா?" என்று கேட்கிறாள், அதை அடிக்க வேண்டாம் என்று சொல்லியும் அடிக்கிறாள். பிள்ளையை அனுப்புங்கள். எனக்கு வேறு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அடுத்த கல்யாணத்தில் அந்த ஆடுகிற நாற்காலியையே போடுங்கள். டி.சி. மட்டும் கேட்க வேண்டாம்.

சம்பந்தியம்மா இடுப்பு சீக்கிரம் கூட வேண்டும். அனுராதாவுக்கு என் ஆசி, கோபம் தணியும் வரை அதை அவள் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் ஓரமாக இருக்கட்டும். குந்தவைக்கு இனி முளைக்கிற பல்லெல்லாம் வெள்ளையாகவும் நேராகவும் முளைத்து நூறு வயசுவரை கரும்பு கடிக்க வேண்டும். தங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கோவிந்தராசு
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே ரேகை வைத்த பிறகு நஜ்மா சீட்டை ஜெராக்ஸ் மெஷினில் போட்டாள். போட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். "அய்யா, பின்பக்கமும் எழுதியிருக்கு, அதையும் எடுக்கவா?" என்றாள். என்னம்மா எழுதியிருக்கு என்றேன். அவள் படித்தது இது: ஜனவரி இருபத்து மூன்று, வியாழக்கிழமை, குழந்தையைத் தாத்தா அழைத்துவந்தார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது, வேர் நன்றாக இருக்கிறது, மறுபடி ஜூலையில் வரவும். கீழே டாக்டரம்மா கையெழுத்து.

ஜனவரி இருபத்து மூன்று தமிழுக்கு என்ன என்று கேட்டேன். சுவரில் மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, முடிந்த மாசத் தாள்களைக் கிழிக்காமல் மேலே மடித்து விட்டிருக்கிறாள். அவள் புரட்டித் தேடி, தை பத்து என்றாள். மேட்டு வயல் அறுத்த நாள். பெல்ட் அறுந்த நாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவளே, "தண்ணி குடிக்கிறீங்களா அய்யா?" என்றாள்.

ஆகவே மேலே நான் ஒப்புக்கொண்ட குற்றத்தை நான் செய்யவில்லை. தை மாசம் பல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அப்புறம்தான் கெட்டிருக்கிறது. டாக்டரம்மா சொன்ன அந்தப் பத்தில் ஒன்று. அதற்கு நானும் காரணமில்லை, யாரும் காரணமில்லை. தங்களிடம் ஜெயித்துவிட்டேன் சம்பந்தி. ஆனால் எனக்கு அந்த நாள் எங்கேயும் இல்லை. தேடிப் பார்க்கிறேன், மெஷின்காரன் போன் பேசினதுதான் வருகிறது. பஸ்ஸில் போனோமா, ரயிலில் போனோமா, ஒன்றும் தெரியவில்லை. மேலே எழுதின மற்றத் தேதிகளையும் இனித் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. தென்னை ஐம்பதாகவே இருக்கட்டும். என் வாக்கின் பேரில் பிள்ளையை அனுப்பச் சொன்னேனே, அதையும் கோடு போட்டு அடித்துவிடச் சொன்னேன். ரேகை வைத்ததை அடிக்கக் கூடாது என்கிறாள் நஜ்மா. அனுப்புவதும் அனுப்பாததும் தங்கள் இஷ்டம். அனுப்பினால் நான் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல்லக் குந்தவைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம், இன்றைக்கே, இந்தக் காகிதம் கையில் இருக்கும்போதே. குந்தவையைக் கூப்பிட்டு, எல்லாரும் இருக்கிற ஹாலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நிறுத்தி, நீ சொன்னதுதான் நிஜம், தாத்தாதான் பொய் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். அப்புறம் அவளை உட்கார வைத்து, அன்றைக்கு நாங்கள் எப்படிப் போனோம், வழியில் என்ன தின்றோம், நான் என்ன பேசினேன் என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். தாங்கள் திருத்த வேண்டாம். நஜ்மா படித்துக் காட்டுவாள்.

அந்தச் சேவலும் உண்மைதான் போலிருக்கிறது. மாசி மாசம் மாட்டுக்கொட்டகை ஆணியில் காற்றுப் போன கையுறை ஒன்று தொங்கியது. மாட்டுக்கு ஊசி போட வந்தவர் விட்டுப்போனது என்று அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அதை எருக்குழியில் போட்டேன். அதில் கண் மாதிரி ஏதோ மையால் போட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் நிஜமாகத் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. குழி எருவை இன்னும் வயலுக்கு அடிக்கவில்லை. போய்க் கிளறிப் பார்க்கிறேன்.